படம் எங்கே நின்றுபோனது? வீட்டிலும் வெளியூரிலும் காப்பு நகல் வைப்பவர்களுக்கு, அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குமரி மாவட்டத்துக் குடும்பம் ஒன்றின் புகைப்படங்கள் ஒரே ஊரில் எடுக்கப்படுவதில்லை. அப்பாவின் ஆண்ட்ராய்டு போன் மார்த்தாண்டத்தில் இருக்கும், அண்ணனின் ஐபோன் மஸ்கட்டில் இருக்கும், அக்காவின் கேமரா நாகர்கோவிலில் இருக்கும். இவற்றையெல்லாம் வீட்டுக் கணினி ஒன்றில் சேர்த்து, இன்னொரு நகலை வெளியூரில் உறவினர் வீட்டுக் கணினியில் வைக்கும் ஏற்பாட்டை இப்போது பலர் செய்துவருகிறார்கள். செய்து முடித்த பிறகு எழும் சிக்கல்களுக்கானது இந்த வழிமுறை.

எடுத்துக்கொண்ட அமைப்பு இது: போன்களிலிருந்து சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் வழியாக வீட்டுக் கணினியின் ‘வரவு’ என்ற கோப்புறைக்குப் படங்கள் வருகின்றன. இரவில் ஒரு தானியங்கிப் பணி புதியவற்றை மட்டும் ‘இருப்பு’ என்ற கோப்புறைக்குப் படியெடுக்கிறது. ‘இருப்பு’ அப்படியே ரெஸ்டிக் என்ற காப்பு நகல் மென்பொருள் மூலம், வெவ்வேறு ஊர்க் கணினிகளை இணையம் வழியே இணைக்கும் டெயில்ஸ்கேல் பாதையில், வெளியூர்க் கணினிக்குப் போகிறது. உங்களிடம் வேறு மென்பொருள் இருந்தாலும் நோய்க்குறிகள் பெரும்பாலும் இவைதான்.

எந்த அறிகுறி தெரிந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: காரணம் தெரியும்வரை எந்தப் போனிலும் எதையும் அழிக்காதீர்கள். ‘இடம் போதவில்லை’ என்று போன் கெஞ்சினாலும் அழிக்காதீர்கள். அடுத்து, படம் போய்ச் சேரவேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். போனில் தெரியும் பச்சை அடையாளம், போன் தன் பங்கை முடித்தது என்பதை மட்டுமே சொல்கிறது.

போனில் எடுத்த படம் வீட்டுக் கணினிக்கு வரவில்லை

எந்தப் படமுமே வரவில்லையா, சில மட்டும் வரவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

எதுவுமே வரவில்லை என்றால், போனின் திரையை அணையவிடாமல் செயலியைத் திறந்து ஐந்து நிமிடம் வைத்திருங்கள். படங்கள் நகரத் தொடங்கினால் குற்றவாளி பேட்டரிச் சிக்கனம்தான். ஆண்ட்ராய்டு பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகிறது. பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று கொடுங்கள். சில போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்ற தனி அனுமதியும் உண்டு. போனின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட பிறகு இரண்டையும் மறுபடி பாருங்கள்.

திரை திறந்திருந்தும் நகரவில்லையா? வைஃபை பெயரைப் பாருங்கள். ஐப்பசி மாத இடியில் ரூட்டர் போய், புதிய ரூட்டர் வைத்த வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. ‘இந்த வைஃபையில் மட்டும் ஓடு’ என்று பழைய பெயரைக் கொடுத்திருப்போம். அந்தப் பெயர் இனி வரப்போவதில்லை, செயலி காத்துக்கொண்டே இருக்கும். வைஃபை பெயரை அறிய அந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி தேவை என்பதையும் மறக்கவேண்டாம். சிங்க்திங்கின் பழைய அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியின் வளர்ச்சி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. இன்னும் அதையே வைத்திருந்தால், சிங்க்திங்-ஃபோர்க் என்ற கிளைக்கு மாறிவிடுவது நல்லது.

சில படங்கள் மட்டும் வரவில்லை என்றால் அவை வேறு கோப்புறையில் இருக்கின்றன. கேமரா படங்கள் ‘டிசிஐஎம்’ கோப்புறைக்குள் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் இருப்பதோ ‘ஆண்ட்ராய்டு’ கோப்புறைக்குள் ‘மீடியா’ என்ற உட்கோப்புறையின் அடியில். திருத்தும் செயலிகள் தங்களுக்கெனத் தனிக் கோப்புறை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே சேர்க்கவேண்டும்.

ஐபோனில் பின்னணி வேலைக்கு இயங்குதளம் தரும் நேரமே குறைவு. வாரம் ஒரு நாள் சார்ஜில் போட்டு, செயலியைத் திறந்து வைத்துவிடச் சொல்லுங்கள். மஸ்கட்டில் இருக்கும் அண்ணனிடம் இதை வெள்ளிக்கிழமை வழக்கமாக்கிவிட்டால் மறக்காது.

ஒரு போனில் அழித்தது எல்லா இடத்திலும் அழிந்துவிட்டது

இந்த வழிமுறையை எழுத வைத்ததே இந்த அறிகுறிதான். ஒத்திசைவு என்பது வேறு, காப்பு நகல் என்பது வேறு. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதுதான் ஒத்திசைவு மென்பொருளின் கடமை. அப்பா போனில் நூறு படத்தை அழித்தால், கணினியிலும் அந்த நூறை அழிப்பது அதன் பார்வையில் சரியான வேலை. போன் பக்கம் ‘அனுப்ப மட்டும்’, கணினிப் பக்கம் ‘பெற மட்டும்’ என்று வைத்தாலும் அழிப்பு வந்து சேரும். இந்த அமைப்புகள் எதிர்த்திசையில் மாற்றம் போகாமல் தடுக்கும், அவ்வளவே.

இப்போது நடந்துவிட்டது என்றால் வரிசை இது. முதலில் வீட்டுக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, இரவுப் பணியையும் நிறுத்துங்கள். பிறகு ‘வரவு’ கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘எஸ்டிவெர்ஷன்ஸ்’ என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் ‘மறைந்தவற்றைக் காட்டு’ என்று சொன்னால்தான் தெரியும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும்படி முன்பே அமைத்திருந்தால் அழிந்தவை அங்கே இருக்கும். அடுத்தது போனின் குப்பைத்தொட்டி. ஐபோனின் ‘சமீபத்தில் நீக்கியவை’ 30 நாள் வைத்திருக்கும். கூகுள் போட்டோஸின் தொட்டி, அதன் மேகச் சேமிப்பில் ஏறிய படங்களை 60 நாள் வைத்திருக்கும். எங்குமே இல்லை என்றால் வெளியூர்க் கணினியில் ரெஸ்டிக்கின் பழைய நாள் பதிவைத் திறந்து மீட்டெடுங்கள்.

இனி நடக்காமலிருக்க இரண்டு காரியங்கள். ஒன்று, ‘வரவு’ கோப்புறைக்குப் பழைய பதிப்பு சேமிப்பை இயக்குவது. ‘ஸ்டாகர்டு’ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அது முதல் முப்பது நாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பதிப்பும், அதன் பிறகு வாரத்துக்கு ஒன்றுமாக, நீங்கள் சொல்லும் காலம்வரை வைத்திருக்கும். ஒரு கண்ணி உண்டு: இது மற்ற கருவிகளிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து நீங்கள் அழித்தால் அந்தக் கணினி எதையும் எடுத்துவைக்காது.

இரண்டாவது, அதைவிட முக்கியமானது, மேலே சொன்ன ‘இருப்பு’ கோப்புறை. அதற்குப் படியெடுக்கும் இரவுப் பணியில் அழிக்கும் உரிமை இருக்கவே கூடாது. ஆர்சிங்க் என்ற படியெடுக்கும் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘டிலீட்’ என்ற சொல்லைக் கட்டளையில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே உள்ள கோப்பைத் தொடாதே என்ற விருப்பத்தையும் சேருங்கள். போனில் என்ன நடந்தாலும், ‘வரவு’ காலியானாலும், ‘இருப்பு’ அசையாது. மங்கலான படங்களும் கூடவே சேர்ந்து வட்டில் கொஞ்சம் இடம் வீணாகும். அந்த வீண் செலவை நான் மனமுவந்து ஏற்பேன். பாட்டியின் கடைசிப் பொங்கல் படம் மங்கலாக இருந்தால் அதை யார் குப்பை என்பது?

வெளியூர்ப் பக்கத்திலும் இதே எண்ணம் வேண்டும். ரெஸ்டிக் அனுப்புவதை வெளியூர்க் கணினியில் வாங்கிவைக்கும் ரெஸ்ட்-சர்வர் என்ற மென்பொருளில் ‘சேர்க்க மட்டும்’ என்ற முறை உண்டு. அதை இயக்கினால் வீட்டுக் கணினியில் பணம் பறிக்கும் வைரஸ் புகுந்தாலும், வெளியூரில் இருக்கும் பழைய பதிவுகளை அங்கிருந்து அழிக்க முடியாது.

வெளியூர்க் கணினி பேசவே இல்லை

போன் செய்து, ‘அத்தை, அந்தப் பெட்டியில் விளக்கு எரிகிறதா?’ என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு கணினி தானாக எழவில்லை என்பதே பெரும்பாலான நேரம் காரணம். கணினி எழும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் இயங்கவேண்டும் என்ற விருப்பம் இருக்கும். அடுத்த முறை அங்கே போகும்போது அதை இயக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் செருகிச் சோதித்துவிட்டு வாருங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனாலும் தொடர்பு இல்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினியில் சிஆர் 2032 என்ற நாணய பேட்டரி தீர்ந்திருந்தால், மின்தடைக்குப் பின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது, இணைப்பு மறுக்கப்படும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் பேட்டரிதான், மாற்றிவிடுங்கள்.

ஏறத்தாழ ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று நின்றதா? டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கருவிக்கும் தரும் சாவி, வேறு விதமாக அமைக்காவிட்டால், 180 நாளில் காலாவதியாகும். அதன் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவைக்கலாம்.

டெயில்ஸ்கேல் இல்லாமல், ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்து முயல்பவர்கள் முதலில் ரூட்டரின் வெளிமுக முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அங்கே எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. உள்ளிருந்து வெளியே இணைப்புத் தொடுக்கும் டெயில்ஸ்கேல் போன்ற முறைதான் வழி.

இரண்டு நகலும் ஒரே நாளில் போயின

வெளியூர் நகல் உண்மையிலேயே வெளியூரில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி குளச்சலிலும் மணக்குடியிலும் புகுந்தபோது, ஒரே தெருவில் இருந்த அண்ணன் வீடும் தம்பி வீடும் சேர்ந்தேதான் தண்ணீருக்குள் போயின. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வீசியபோது கடற்கரை மட்டுமல்லாமல் உள்நாட்டு ஊர்களும் மரமும் மின்கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் இருளில் கிடந்தன. முட்டத்தில் வீடு, இரண்டாவது நகல் இரணியலில் என்றால் கடலுக்குத் தப்பலாம், ஒக்கி போன்ற புயலுக்கு இரண்டும் ஒரே பாதையில்தான் நிற்கும். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டித் திருநெல்வேலியிலோ, சென்னையிலோ, திருச்சியிலோ யாராவது ஒருவர் வீட்டில் ஒரு மூலை கேளுங்கள். அவர்களுடைய படங்களின் நகலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

முதல் நகல் முடிவதே இல்லை

500 ஜிபி படங்களை நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்பினால், ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலும் 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் அதைவிட நீளும். முதல் நகலை இணையத்தில் அனுப்பாதீர்கள். வெளியூருக்குப் போகவேண்டிய ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே செருகி, ரெஸ்டிக் தன் நகல்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தை அதில் உருவாக்கி, முழுவதும் ஏற்றி, பிறகு பஸ்ஸில் கையோடு கொண்டுபோய் அங்கே மாட்டுங்கள். களஞ்சியம் இடம் மாறுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் பிறகு அன்றாடம் போவது புதிய படங்கள் மட்டுமே.

ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கே உரிய சிக்கல் இது. அதனாலேயே தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிடவேண்டாம் என்பது என் கருத்து. காரணம் தெரிந்தால் போதும்.

தூக்கத் திருவிழாப் படங்களுக்கான ‘கொல்லங்கோடு தூக்கம்’ என்ற கோப்புறை இரண்டு தெரிகிறது, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது, படங்கள் பாதி அதிலும் பாதி இதிலும் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு முறை. முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் கால் குறியையும் இரண்டு குறியீடாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ‘கொல்லங்கோடு’ என்ற சொல் முதல் முறையில் 11 குறியீடு, இரண்டாம் முறையில் 13. லினக்ஸ் கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமித்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் சில கருவிகளும் பிரித்தே தருகின்றன. சுற்றத்தில் யாராவது ஒருவரிடம் இப்படி ஒன்று இருந்தால் போதும்.

இரண்டு கோப்புறைகளையும் ஒன்றாக்கி, பெயரை ஒரே கணினியில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். மற்ற இடங்களில் தட்டச்சு செய்யாமல், அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

பெயர் நீளமானால் இன்னொரு தொல்லை. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ஆக 85 குறியீடு. புள்ளியும் கொம்பும் காலும்கூட அந்தக் கணக்கில் சேரும். கல்யாண அழைப்பிதழில் இருப்பதுபோல இரு வீட்டார் பெயரையும் முழுதாக எழுதினால், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், லினக்ஸ் மறுத்துவிடும். நகலெடுக்கும்போது அந்தக் கோப்புறை மட்டும் விடுபட்டுப்போகும்.

படங்களின் வரிசையும் தேதியும் தவறு

ஒரே கல்யாணத்தில் தாலி கட்டும் படத்துக்கு முன்னால் பந்தி வருகிறதா? ஓமானிலிருந்தும் அமீரகத்திலிருந்தும் வந்த கேமராவின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கும். சவுதி, குவைத், கத்தாரிலிருந்து வந்தது இரண்டரை மணி பின்னால். படத்துக்குள் பதியும் எக்சிஃப் தகவலில் நேர மண்டலத்துக்கு இடம் கிடைத்ததே 2016இல்தான், பழைய கேமராக்களுக்கு அது தெரியாது. எல்லாக் கேமராவிலும் ஒரே சுவர்க் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் மூலம் அந்த அளவு நகர்த்திவிடலாம். நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

எல்லாப் படத்துக்கும் நேற்றைய தேதி காட்டினால், கேபிளில் மாற்றியபோது கோப்பின் தேதி மாறியிருக்கிறது. எடுத்த தேதி படத்துக்குள் அப்படியே இருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

படம் வந்திருக்கிறது, ஆனால் சிறிதாக, மங்கலாக இருக்கிறது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படும், எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். ‘ஆவணம்’ என்று அனுப்பினால் மூலம் அப்படியே வரும். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லித்தாருங்கள்.

ஐபோனில் ‘சேமிப்பிடத்தைச் சீராக்கு’ என்பது இயங்கினால் போனில் இருப்பது சிறு உருவம் மட்டும், மூலம் ஐகிளவுடில் இருக்கும். ‘மூலத்தைப் பதிவிறக்கி வைத்திரு’ என்று மாற்றி, முழுதும் இறங்கிய பிறகு நகலெடுங்கள். படம் திறக்கவே மறுத்தால் அது 2017 முதல் ஐபோன் பயன்படுத்தும் ஹெச்இஐசி வடிவமாக இருக்கலாம். கெட்டுப்போகவில்லை, பழைய கணினிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. ஜேபெக் ஆக மாற்றி மூலத்தை வீசிவிடாதீர்கள், மூலத்தையே வைத்திருங்கள்.

ஹார்ட் டிஸ்க் மெதுவாகிறது, அடிக்கடி துண்டிக்கப்படுகிறது

டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள். சத்தம் இல்லையென்றால், வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் படியுங்கள். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும். 5, 197, 198 ஆகிய எண்ணுள்ள வரிகளின் மூல மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் வட்டின் பரப்பு பழுதாகிறது. முதலில் நகல், பிறகு புது வட்டு. 199 மட்டும் ஏறினால் வட்டு நன்றாகவே இருக்கிறது, கேபிளும் இணைப்பும்தான் கெட்டிருக்கின்றன.

கடலோர ஊர்களில் இணைப்புக் கோளாறை அதிகம் பார்க்கலாம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜன்னலோரம் வைத்த கணினியின் யூஎஸ்பி இணைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறப் பட்டைகளின் ஓரத்தில் வெளிர்பச்சையாகப் பூத்திருக்கும், விரலால் தொட்டால் பொடி ஒட்டும். உப்புக் காற்றின் வேலை. கேபிளை மாற்றி, கணினியைக் கடலைப் பார்க்காத உள்ளறைக்கு நகர்த்துங்கள். மாற்று வட்டை அலமாரியில் வைப்பதென்றால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, சிலிக்காவை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதாது.

பெரிய வீடியோ மட்டும் நகலாகவில்லை

4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஃபேட்32 முறையில் அமைத்த வட்டு ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி அமைக்கவேண்டும். அப்போது உள்ளே இருப்பவை அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்துவையுங்கள்.

எல்லாம் பச்சை, ஆனால் மீட்டெடுத்த படம் திறக்கவில்லை

ரெஸ்டிக்கின் ‘செக்’ கட்டளை களஞ்சியத்தின் அமைப்பை மட்டுமே சரிபார்க்கும். உள்ளே இருக்கும் தரவையும் படித்துச் சரிபார்க்கும்படி தனியாகச் சொல்லவேண்டும். மொத்தத்தையும் படிக்க நேரமாகும் என்பதால், களஞ்சியத்தைப் பத்துப் பங்காக்கி மாதம் ஒரு பங்கு படிக்கச் சொல்லலாம். அதை வெளியூர்க் கணினியிலேயே ஓடவிடுங்கள், இணையம் செலவாகாது. மீட்டெடுத்த படம் பாதிவரை தெரிந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தால், அது போனிலிருந்து முழுதாக வராதபோதே ‘இருப்பு’க்குப் போய்விட்டதா என்று பாருங்கள். போனில் மூலம் இருந்தால் ‘இருப்பு’ நகலை நீக்கிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். போனில் எதையும் அழிக்காதீர்கள் என்று முதலில் சொன்னது இதற்காகவும்தான்.

கடவுச்சொல்லைக் களஞ்சியம் ஏற்கவில்லை என்றால் வேறு வழியே இல்லை. ரெஸ்டிக்கில் ‘மறந்துவிட்டேன்’ என்று கேட்க யாரும் கிடையாது. ஆனால் ஒரே களஞ்சியத்துக்குப் பல சாவிகள் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் வேறு கடவுச்சொல். உங்களுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று வையுங்கள். இரண்டையும் தாளில் எழுதி, ஒன்றைப் பத்திரமும் பட்டாவும் இருக்கும் பீரோவிலும், மற்றதை அக்காவிடமும் கொடுத்துவிடுங்கள். எழுதியவர் தவிர வேறொருவர் அந்தத் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஒரு படத்தை மீட்டெடுத்துப் பார்க்கவேண்டும். கையெழுத்தில் பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும் ஒன்றுபோலவே இருக்கும்.